யோசேவாஸ் அடிகளாருக்குக் கஞ்சி கொடுத்த பெண்

2015 ஜனவரி 14ஆம் திகதி பின்னேரம் நான் மடுவில் நின்றேன். அன்று காலையில்தான் கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ், யோசேவாஸ் அடிகளாரைப் புனிதராகப் பிரகடனம் செய்திருந்தார். பிறகு ஹெலிகொப்டரில் மடுவுக்கு வந்தார். ஜனாதிபதித் தேர்தல் முடிந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று எல்லா இடங்களிலிருந்தும் சனம் வந்திருந்தது. எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு தாய், காணாமல் போன மகனின் படத்தை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். கத்தோலிக்கர் அல்லாதவர்களும் கனபேர் வந்திருந்தார்கள். அது மடுவுக்குப் புதிதல்ல.

அன்று மேடைகளில் அடிகளாரின் பெருமைகள் நிறையப் பேசப்பட்டன. எனக்கோ அவருடைய வாழ்க்கையில் ஒரு சின்ன இடம்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. அவர் யாருக்கும் உதவி செய்வதற்கு முன்னர், நோயில் விழுந்து யாராவது ஒரு வாய் கஞ்சி தரமாட்டார்களா என்று கிடந்த இடம் அது. பிறகு அவர் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் செய்ததை விட, அந்த ஒரு வாய்க் கஞ்சியை விளங்கிக்கொள்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதற்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

யோசேவாஸ் 1651 ஏப்ரல் 21ஆம் திகதி கோவாவில் உள்ள பெனாலிம் என்ற ஊரில், தாயின் வீட்டில் பிறந்தார். தகப்பனின் ஊர் சங்குவாலே. கொங்கணி பேசும் பிராமண வழிவந்த கத்தோலிக்கக் குடும்பம். 1676இல் குருவானார். அக்காலத்தில் கோவாவில் போர்த்துக்கேயரின் ஆட்சி. சுதேசிக் குருக்களை வெள்ளைக்காரக் குருக்கள் தங்களுக்குச் சமமாக மதித்த காலமல்ல அது. கன்னட நாட்டுக் கரையில் சில வருடங்கள் பணி செய்துவிட்டுத் திரும்பிய அடிகளார், 1685இல் கோவாவில் உருவாகியிருந்த ஒறற்றோரியன் குருக்களின் சிறு குழுவோடு சேர்ந்தார். எல்லோருமே சுதேசிகள்.

இலங்கையின் நிலைமையை அவர் ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தார். 1658இல் மன்னார்க் கோட்டையையும் யாழ்ப்பாணத்தையும் ஒல்லாந்தர் பிடித்தார்கள். கல்வினிய மதத்தவர்களான அவர்கள் கத்தோலிக்கக் குருக்களை நாட்டை விட்டுத் துரத்தினார்கள். ஒரு குருவுக்கு வீட்டில் இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று பிரசித்தம் பண்ணினார்கள். எங்கள் பக்கத்துச் சனத்துக்கு இதன் கனம் நன்றாகத் தெரியும். 1544இல் மன்னாரில் அறுநூறுக்கும் மேற்பட்ட புதுக் கிறிஸ்தவர்களை யாழ்ப்பாண அரசன் சங்கிலி கொன்ற இடங்களைத் தோட்டவெளியில் இன்றும் காட்டுகிறார்கள். ஒல்லாந்தர் காலத்தில், 1670ஆம் ஆண்டளவில், மாந்தைக் கோவிலில் இருந்த மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு சில குடும்பங்கள் காட்டுக்குள் போனார்கள். மடு அப்படித்தான் தொடங்கியது. அதாவது மடு முதலில் ஓர் அகதிமுகாம், பிறகுதான் திருத்தலம். 1990இல் மீண்டும் பல்லாயிரம் பேர் அங்கே மரங்களின் கீழ் தறப்பாள் கட்டி இருந்தபோது, அந்த இடம் தன் பழைய வேலைக்குத் திரும்பியது என்றுதான் சொல்லவேண்டும். 1999 நவம்பரில் அதே கோவில் வளவில் எறிகணை விழுந்து நாற்பது பேரளவில் இறந்ததையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

ஏறத்தாழ முப்பது வருடங்களாகக் குருவே இல்லாமல் கிடந்த அந்தச் சனத்திடம் போவதென்று யோசேவாஸ் முடிவெடுத்தார். குருவுடையைக் கழற்றிவிட்டு, இடுப்பில் ஒரு துண்டுத் துணியோடு கூலியாளாக மாறினார். 1687இல் தூத்துக்குடியில் கப்பல் ஏறினார். கூட வந்தவன் யோவான் என்ற இளைஞன். வீட்டு வேலைக்காரனாக இருந்தவன். பூசைப் பாத்திரங்களைச் சுமந்ததும், சமைத்ததும், நோயில் பார்த்ததும் அவன்தான். அவனுக்கு யாரும் புனிதர் பட்டம் கேட்டதாகத் தெரியவில்லை.

கடல் கொந்தளித்துக் கப்பல் திசைமாறி மன்னார்த் தீவில் ஒதுங்கியது என்று சரித நூல்கள் சொல்கின்றன. இலங்கையில் அவர் கால் வைத்த முதல் மண் எங்களுடையது என்பதில் மன்னார்க்காரருக்கு ஒரு பெருமை உண்டு. எனக்கும்தான். ஆனால் கரையில் வந்து இறங்கியது ஒரு புனிதர் அல்ல. பட்டினி கிடந்து, வயிற்றுளைவு பிடித்து, எலும்பும் தோலுமாகிப்போன ஒரு பரதேசி. சில நாட்களின் பின் அங்கிருந்து யாழ்ப்பாணம் போனார். அங்கே நோய் முற்றியது. தொற்றிவிடும் என்ற பயத்தில் சனம் இவர்களை ஒதுக்கியது. ஊருக்குப் புறத்தே ஒரு பாழ்ங்குடிசையில் கிடந்தார்கள். யோவானும் நோயில் விழுந்தான்.

அப்போதுதான் ஒரு பெண் நாளாந்தம் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள் என்று சொல்லப்படுகிறது. அவளுக்குப் பெயர் இல்லை. ஊர், சாதி, சமயம் எதுவும் சொல்லப்படவில்லை. கிடந்தவர் ஒரு குரு என்பது அவளுக்குத் தெரியாது, ஏனென்றால் அப்போது அது யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தக் கஞ்சிக்கே கழுத்துப் போகும் காலம். எழும்பி நடக்கும் பலம் வரும்வரை அந்தக் கஞ்சியில்தான் இரண்டு உயிர்களும் தங்கின.

இதற்குப் பிறகு நடந்தவை ஓரளவு எல்லோருக்கும் தெரிந்தவை. கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். செபமாலையைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறது என்று பார்த்தார். கத்தோலிக்கர்களை அவர் கண்டுபிடித்த வழி அது. பிறகு சில்லாலையில் ஒளிந்திருந்து, இரவில் பூசை வைத்து, பகலில் மறைந்து வாழ்ந்தார். 1689 நத்தார் இரவில் ஒல்லாந்தப் படை யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கர் கூடிய வீடுகளைச் சுற்றிவளைத்தது. முந்நூறு பேரளவில் பிடிபட்டார்கள். எட்டுப் பேரைத் தெரிந்தெடுத்துச் சவுக்கால் அடித்தார்கள். ஒருவர் அந்த அடியிலேயே இறந்துபோனார். அடிகளார் அகப்படவில்லை. அவர் எங்கே என்று அவ்வளவு பேரில் ஒருவரும் சொல்லவில்லை. சுற்றிவளைப்பு, தலையாட்டி, விசாரணை என்பவற்றைக் கண்ட எங்கள் தலைமுறைக்கு அந்த மௌனத்தின் விலை தெரியும்.

யாழ்ப்பாணத்தில் இருப்பது தன்னைவிடச் சனத்துக்கே ஆபத்து என்றானபோது அவர் கண்டி இராச்சியத்துக்குள் இருந்த புத்தளத்துக்குப் போனார். 1692இல் கண்டிக்குப் போனார். அரசவையில் செல்வாக்கோடு இருந்த லனறோல் என்ற பிரெஞ்சு புரட்டஸ்தாந்தர் இவரைப் போர்த்துக்கேய ஒற்றன் என்று சொல்லிக்கொடுக்க, இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் சிறைவைத்தான். சிறையில் அவர் சிங்களம் படித்தார். தமிழ் ஏற்கெனவே தெரியும். காவல் மெல்ல மெல்லத் தளர்ந்தது. ஒரு சிறு கொட்டில் கோவில் எழும்பியது. 1696இல் வறட்சி வந்தபோது அவருடைய செபத்தால் மழை பெய்ததென்று ஒரு கதை உண்டு. நம்புகிறவர்கள் நம்பட்டும். எனக்கு அதற்கு அடுத்த வருடத்துக் கதைதான் முக்கியம்.

1697இல் கண்டியில் பெரியம்மை வந்தது. மருந்தில்லாத நோய். அரசனும் பிரதானிகளும் நகரத்தை விட்டுப் போனார்கள். அம்மை கண்டவர்களைச் சொந்தக்காரரே வீட்டிலிருந்து கொண்டுபோய்க் காட்டில் விட்டார்கள். பிள்ளையைத் தாய் விட்டாள், தாயைப் பிள்ளை விட்டான். தெருவில் பிணங்கள் கிடந்தன. யோசேவாசும், அப்போதுதான் கோவாவிலிருந்து வந்துசேர்ந்திருந்த உறவினரான யோசேப் கர்வால்யோ என்ற இளம் குருவும் நகரத்திலேயே நின்றார்கள். காட்டோரம் கிடந்தவர்களுக்குக் கொட்டில் போட்டுக் கொடுத்தார்கள். கைவிடப்பட்ட வீடுகளை வைத்தியசாலைகளாக்கினார்கள். புண் கழுவி, கஞ்சி காய்ச்சிப் பருக்கி, இறந்தவர்களைக் கையால் தூக்கிப் புதைத்தார்கள். கிடந்தவர்களில் பெரும்பாலோர் பௌத்தர்கள். இவர் அன்னிய சமயத்தான், அன்னிய நாட்டான், நேற்றுவரை கைதி. நோய் தணிந்தபின் அரசன் இவரை நடத்திய விதமே மாறிவிட்டது. தீவெங்கும் போய்ப் பணி செய்யும் சுதந்திரம் அப்படித்தான் கிடைத்தது.

ஏன் செய்தார் என்று கேட்டால் பக்தர்களிடம் ஒரே பதில்தான் உண்டு, விசுவாசம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் விசுவாசம் இருந்தும் ஓடிப்போனவர்கள் எல்லாச் சமயத்திலும் உண்டு. 1973இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியில் டார்லி, பாட்சன் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். குருமாணவர்களைப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்ச் சொற்பொழிவு செய்யச் சொன்னார்கள். சிலருக்குத் தலைப்பு நல்ல சமாரியன் கதை. வழியில் ஒருவன் முனகிக்கொண்டு சுருண்டு கிடந்தான். ஆறுதலாகப் போனவர்களில் நூற்றுக்கு 63 பேர் ஏதோ வகையில் உதவினார்கள். நேரமாகிவிட்டது, ஓடு என்று அனுப்பப்பட்டவர்களில் நூற்றுக்கு 10 பேர். நல்ல சமாரியனைப் பற்றிப் பேசப் போனவர்கள் சிலரே கிடந்தவனைத் தாண்டிப் போனார்கள். மனதில் என்ன இருக்கிறது என்பதைவிட, அந்த நேரத்தில் காலடியில் என்ன அவசரம் இருக்கிறது என்பதே கூடுதலாக முடிவு செய்தது.

அதற்கு ஐந்து வருடம் முன்னர் இதே டார்லி, லட்டானே என்பவரோடு சேர்ந்து இன்னொன்றைக் கண்டிருந்தார். பக்கத்து அறையில் ஒருவர் வலிப்பில் விழும் சத்தம் கேட்கிறது. கேட்பவர் தான் ஒருவன்தான் என்று நினைத்தால் நூற்றுக்கு 85 பேர் எழும்பி ஓடினார்கள். தன்னைப்போல் இன்னும் நாலுபேர் கேட்கிறார்கள் என்று நினைத்தபோது நூற்றுக்கு 31 பேர். கல் நெஞ்சால் அல்ல. வேறு யாராவது போவார்கள் என்ற நினைப்பால். கண்டி நகரத்தில் யோசேவாசுக்கு அந்த நினைப்புக்கு இடமே இருக்கவில்லை. போவதற்கு வேறு யாரும் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

இனி என் கதை.

1990 ஒக்டோபரில் எனக்கு பதினொரு வயது. மன்னார்த் தீவில் கரையோரமாக எங்கள் வீடு. எங்கள் ஒழுங்கையில் முஸ்லிம் குடும்பங்களும் இருந்தன. வேலிக்கு அந்தப்பக்கம் இருந்த ராத்தாதான் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெருநாள் சட்டை தைத்துத் தருவார். அந்த மாதக் கடைசியில் வடக்கில் இருந்த முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேறச் சொல்லி விடுதலைப் புலிகள் அறிவித்தார்கள். வடக்கு முழுவதிலும் ஏறத்தாழ 75,000 பேர். எங்கள் தீவுச் சனம் வள்ளங்களுக்காகக் கரையில் காத்திருந்தது. கற்பிட்டிக்குப் போகவேண்டும். நகை, காசு, தையல் மெசின் எல்லாம் விட்டுவிட்டுப் போகவேண்டும்.

ராத்தா படலையடிக்கு வந்து, பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொண்டுபோக இரண்டு கலன் கேட்டார். அப்பா கதவைத் திறக்கவில்லை. உள்ளே நாங்கள் ஏழு பேர் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தோம். உதவினால் விசாரணை வரும் என்று ஒழுங்கையில் கதை அடிபட்டிருந்தது. அப்பா கெட்டவர் அல்ல. ஜூன் மாதச் சண்டையில் கூடப்பிறந்த தம்பியைப் பறிகொடுத்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. பயந்திருந்தார். கலன்கள் குசினி மூலையில் இருந்தன. அவை இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கின்றன.

ஒழுங்கை முடிவில் ஒரு ஆச்சி இருந்தா. 1977 கலவரத்தில் மலைநாட்டிலிருந்து அடிபட்டு வந்தவ. தனி ஆள், இடியப்பம் அவித்து விற்றுப் பிழைத்தவ. அவ ஒரு பெரிய பானையில் கஞ்சி காய்ச்சித் தலையில் வைத்துக்கொண்டு பட்டப்பகலில் கரைக்கு நடந்து போனா. ஒருவருமே அவவை ஒன்றும் கேட்கவில்லை. பின்னேரம் திரும்பவும் போனா. எங்கள் வீட்டு முற்றத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். அம்மா யன்னலை மூடினா.

பல வருடம் கழித்து, கொஞ்சம் புத்தகங்கள் படித்த தைரியத்தில், ஆச்சியிடம் ஏன் போனீர்கள் என்று கேட்டேன். அவவுக்குக் கேள்வியே பிடிக்கவில்லை. பிள்ளைகள் பசியோடு இருந்ததுகள், பிறகென்ன கேள்வி என்கிற மாதிரி என்னைப் பார்த்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டா. அடித்து விரட்டப்பட்ட ஞாபகம் அவவைத் தள்ளியிருக்குமா என்று நான் நினைத்ததுண்டு. துன்பப்பட்டதாலேயே பிறர் துன்பத்தில் அசைகிறவர்களைப் பற்றி ஏர்வின் ஸ்டௌப் என்ற உளவியலாளர் எழுதியிருக்கிறார். சிறுவயதில் ஹங்கேரியில் நாசிகளிடமிருந்து பிறர் உதவியால் தப்பிய யூதர் அவர். ஆனால் அப்பாவும்தான் துன்பப்பட்டிருந்தார். ஒரே துன்பம் ஒருவரைக் கரைக்கு அனுப்புகிறது, இன்னொருவரைக் கதவைப் பூட்ட வைக்கிறது.

யுத்தத்துக்குள் வாழ்ந்த சமூகங்களில் மக்கள் ஒருவருக்கொருவர் உதவுவது கூடியிருக்கிறது என்று சியேரா லியோன், உகண்டா, நேபாளம் முதலிய நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் மைக்கல் பாவரும் கூட்டாளிகளும் எழுதினார்கள். படித்தபோது சந்தோசமாக இருந்தது. முள்ளிவாய்க்காலில் அரிசியும் உப்பும் தண்ணீருமாய்க் காய்ச்சி வரிசையில் வந்தவர்களுக்கு எல்லாம் ஊற்றிய கைகளை நினைத்தேன். ஒவ்வொரு மே மாதமும் நாங்கள் அந்தக் கஞ்சியை நினைத்துக் குடிக்கிறோம். ஆனால் அந்த ஆய்வில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. கூடும் அந்த உதவி பெரும்பாலும் தன்னவர் என்று கருதுகிறவர்களுக்குத்தான் போகிறதாம். ராத்தா 1990இல் எங்கள் படலையடியில் நின்றபோது, ஒரு கிழமைக்குள் அவர் தன்னவர் என்ற வட்டத்துக்கு வெளியே போய்விட்டிருந்தார். வேலி இருந்த இடத்தில்தான் இருந்தது.

நாசிகளிடமிருந்து யூதர்களைக் காப்பாற்றிய 406 பேரைத் தேடிப் பேட்டி கண்டு சாமுவேல் ஒலினர், பேர்ள் ஒலினர் தம்பதியினர் 1988இல் ஒரு நூல் எழுதினார்கள். அதில் என்னைக் குத்திய தகவல் ஒன்று. காப்பாற்றியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் முதன்முதலில் உதவியது யாரோ வந்து கேட்டதால். கேட்டதும் செய்தார்கள், அவ்வளவுதான். எங்களிடமும் கேட்கப்பட்டது. ஆச்சியிடம் யாரும் கேட்கவில்லை.

யோசேவாஸ் அடிகளாரின் மீதி வாழ்க்கை நடைப்பயணத்தில் கழிந்தது. கோவாவிலிருந்து மேலும் குருக்கள் வந்தார்கள். 1705இல் தலைமன்னாரில் வந்திறங்கிய யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதிப் பெயர் பெற்றார். யோசேவாசை ஆயராக்கும் யோசனை வந்தது. அவர் மறுத்தார். நோயாளியாகவே கடைசி வருடங்களைக் கழித்து 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியில் இறந்தார். வயது 59. 1995இல் முத்திப்பேறு பட்டமும் 2015இல் புனிதர் பட்டமும் வந்தன. ஆனால் கண்டியில் அவரைப் புதைத்த இடம் எது என்று இன்றுவரை அடையாளம் காணப்படவில்லை. கஞ்சி கொடுத்தவளைப் போலவே அவரும் அந்த மண்ணில் எங்கோ கலந்துவிட்டார்.

அவர் அம்மைக் கொட்டில்களில் கஞ்சி பருக்கியபோது யாழ்ப்பாணத்துப் பாழ்ங்குடிசையை நினைத்திருப்பார் என்று எழுத எனக்கு ஆசை. எழுதினால் கட்டுரை அழகாக இருக்கும். அப்படி நினைத்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை. பத்து வருட இடைவெளியில் இரண்டு கஞ்சிகள், அவ்வளவுதான் எங்களிடம் உள்ளது.

சமாதான காலத்தில், 2003இல், ராத்தா புத்தளத்திலிருந்து தன் மகனோடு வளவைப் பார்க்க வந்தார். கூரை இல்லை, கிணற்றுக்குள் பூவரசு முளைத்திருந்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு முதலில் கேட்டது ஆச்சியின் வீடு எது என்றுதான். ஆச்சி இறந்து இரண்டு வருடம் என்று அம்மா சொன்னா. சேமக்காலை எந்தப்பக்கம் என்று கேட்டார். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். சிலுவை மட்டும் நட்டிருந்த அந்த மண் மேட்டுக்குப் பக்கத்தில் ராத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கைகளை ஏந்தி நின்றார்.

திரும்பி வந்து எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்தார். 1990 பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா பின்வளவில் வலை பொத்திக்கொண்டிருந்தார். அம்மா இரண்டு தரம் கூப்பிட்டும் வரவில்லை. ராத்தா வெளிக்கிட்டபோது மட்டும் எழும்பி வந்து, தண்ணீர் நிரப்பிய பெரிய கலன் ஒன்றைக் கொண்டுபோய் வான் ஆசனத்துக்குக் கீழே வைத்துவிட்டு, யாருடைய முகத்தையும் பார்க்காமல் திரும்பிப் போனார்.